புதிதாகக் குத்திய பச்சை ஆறும் நாள்கள்

எங்கள் தோல்நோய்ப் பிரிவின் புறநோயாளர் வரிசையில் முன்பு அரிதாகக் கண்ட ஒரு புண்ணை இப்போது அடிக்கடி காண்கிறோம். முன்கையிலோ கழுத்தின் பின்புறத்திலோ கணுக்காலுக்கு மேலோ புதிதாகப் பச்சை குத்திக்கொண்ட இடம் சிவந்து வீங்கி, சீழ் கோத்த நிலையில் வருகிறார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். எந்த உருவம், எந்த எழுத்து, எவ்வளவு கட்டணம் என்று பல நாள் யோசித்தவர்கள். குத்திய பின் என்ன செய்வதென்று ஒரு நாளும் யோசியாதவர்கள். அன்றிரவே தோழர் ஒருவர் ஒரு களிம்பைச் சொல்வார். பாட்டி மஞ்சளைச் சொல்வார். கைப்பேசியில் பார்த்த காணொளி வேறொன்றைச் சொல்லும். மூன்றையும் மாற்றி மாற்றிப் பூசிவிட்டு ஐந்தாம் நாள் எங்களிடம் வந்து நிற்பார்கள்.

இவர்களுள் ஒரு சாரார் நோயாளரின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் ஆவர். நெடுநாள் படுக்கையில் இருக்கும் தாயின் பெயரையோ, இழந்துவிட்ட குழந்தையின் பிறந்த நாளையோ தம் மேனியில் எழுதிக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அதைக் குறை கூறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. குத்திக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். குத்திய பின் அந்தத் தோலை எப்படிக் காப்பது என்பதைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். நீரிழிவு, கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உடையவர்களும், மருத்துவமனையில் இரவு பகலாக உடனிருப்பவர்களும் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

தோலுக்குள் நடப்பது

நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பது. அதில் மை வைத்தால் சில வாரங்களில் மறைந்துவிடும். மருதாணி மறைவது அதனால்தான். பச்சையை நிலைக்கச் செய்ய வேண்டுமானால் மேல்தோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில் மையைச் சேர்க்க வேண்டும். இயந்திர ஊசி நிமிடத்துக்குப் பல நூறு முறை தோலைத் துளைத்து இதைச் செய்கிறது. உள்ளங்கை அளவு உருவம் ஒன்று முடியும்போது அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்தால் உண்டாகும் புண்ணுக்கும் இதற்கும் உடலைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. சிராய்ப்புக்குள் யாரும் மையை ஊற்றுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

மை உள்ளே சென்றவுடன் உடலின் காவல் அணுக்கள் அதனை அந்நியப் பொருளாகக் கருதி விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்த அணு இறந்தால் வெளிவரும் மையை அடுத்த அணு விழுங்கிக்கொள்ளும். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதனை 2018ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஆக, ஒருவர் கையில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் பச்சை, அவர் உடல் இடைவிடாமல் கைமாற்றிக் காத்து வருகிற மை. அதில் ஒரு பகுதி நிணநீர் வழியே அக்குளிலோ தொடையிடுக்கிலோ உள்ள நெறிக்கட்டிகளுக்கும் சென்று தங்கும். இச்செய்தி பின்னால் பயன்படும்.

கரிய மையால் குத்தியதும் ஆறிய பிறகு நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுவது, தோலின் ஆழத்தில் உள்ள கரித்துகளை நாம் தோலின் ஊடாகப் பார்ப்பதால் நேர்வது. நம் பாட்டிமாரின் முன்கைகளில் இருந்த கோலங்களும் தேள்களும் பெயரெழுத்துகளும் அவ்வாறே தோன்றின. ஊர் ஊராக வந்து குத்திச் சென்ற குறவர் இனப் பெண்கள் கரியைக் குழைத்து ஊசியால் குத்தி, மேலே மஞ்சளைப் பூசிவிட்டுச் செல்வது வழக்கம். அவர்கள் காலத்தில் எல்லாம் ஆறவில்லையா என்று எங்களைக் கேட்போர் உண்டு. பலருக்கு ஆறியது. ஆறாமல் போனவர்கள் தம் கையை நீட்டிக் காட்டிக் கதை சொல்லும் வயது வரை இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முதல் இரவும் முதல் வாரமும்

பச்சை குத்துபவர் வேலையை முடித்ததும் அந்த இடத்தை மெல்லிய கட்டாலோ, தோலில் ஒட்டும் மருத்துவப் படலத்தாலோ மூடி அனுப்புவார். சாதாரணக் கட்டாயின் சில மணி நேரம் கழித்து அதனை அகற்றிவிடலாம். ஒட்டும் படலமாயின் அதற்குரிய அறிவுரைப்படி சில நாள்கள் விட்டுவைக்கலாம். ஆனால் விளிம்பு பிரிந்து உள்ளிருக்கும் நீர் வழியத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். உணவுப் பண்டங்களைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை வீட்டில் மீண்டும் மீண்டும் சுற்றுவதைச் சிலர் செய்கிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்குள் வியர்வை தேங்கிக் கிருமிகள் செழிக்கும். அதைத் தவிர்க்க வேண்டும்.

கட்டை அகற்றுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டு இருபது விநாடியாவது நன்கு கழுவுங்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொடும் கை உங்களுடையதாயினும், அன்போடு மருந்திட வரும் தாயாருடையதாயினும், முதலில் கழுவப்பட்டிருக்க வேண்டும். பிறகு நறுமணமில்லாத மென்மையான சோப்பின் நுரையை விரல்நுனியால் தடவி, வெதுவெதுப்பான நீரால் கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரும் மாடித் தொட்டியில் தேங்கிய நீரும் பயன்படுத்தும் வீடுகளில், முதல் சில நாள்களுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரைக் கொண்டு கழுவுமாறு சொல்கிறோம். பீர்க்கங்கூடு, தேங்காய் நார், கடலைமாவு, நலுங்குமாவு எவையும் அந்த இடத்தில் படக்கூடாது.

கழுவிய பின் தூய பருத்தித் துணியாலோ மெல்லிய காகிதத் துவாலையாலோ ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். குடும்பத்தில் எல்லோரும் துடைத்துக்கொள்ளும் கொடித்துண்டு இதற்கு உதவாது. சில நிமிடங்கள் காற்றாட விட்டு, நறுமணமற்ற ஈரப்பதமூட்டும் களிம்பை மிக மெல்லிதாகத் தடவலாம். தடவிய இடம் எண்ணெய் வழிவது போல் பளபளத்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதுமானது. புண் உலர்ந்து வெடிக்கவும் கூடாது, ஊறிக் குழையவும் கூடாது.

முதல் இரண்டு நாள் சிவப்பும் வீக்கமும் லேசான சூடும் இருக்கும். நிணநீரோடு கலந்த மை கசிந்து படுக்கை விரிப்பில் அப்படியே படிந்துவிடவும் கூடும். இதைக் கண்டு பச்சை கரைந்துவிட்டது என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகுதியாக இருந்த மையே. துவைத்த பழைய விரிப்பு ஒன்றை அந்த நாள்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். நான்காம் நாள் அளவில் தோல் வெங்காயச் சருகு போல உரியத் தொடங்கும். சில இடங்களில் மெல்லிய பொருக்கு கட்டும். அரிப்பு எடுக்கும். இரண்டு வாரங்களுக்கு நீடிக்கும் இந்தக் கட்டத்தில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். பொருக்கை நகத்தால் பெயர்த்தால் அதனோடு மையும் பெயர்ந்து வரும். உருவத்தில் வெள்ளைத் திட்டு விழும். நகக்கண்ணில் உள்ள கிருமிகள் திறந்த புண்ணுக்குள் செல்லும். அரிப்பு பொறுக்க முடியாதபோது உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மேலே வைக்கலாம். அதற்கும் அடங்காவிடில் ஒவ்வாமைக்கான மாத்திரை ஒன்றை மருத்துவர் தருவார். இரவில் உறக்கத்தில் சொறிபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது.

மூன்றாம் வாரத்தில் மேல்தோல் மூடியிருக்கும். ஆயினும் மேலே மங்கலான, சற்று மினுங்கும் படலம் தெரியும். புறத்தோற்றத்தில் ஆறியது போல் இருந்தாலும் உள்தோல் முழுமையாகச் சீராக இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

ஆடையைப் பற்றி ஒரு சொல். இடுப்பில் குத்திக்கொண்ட பெண்களுக்குப் பாவாடை நாடாவும், தோளில் குத்திக்கொண்டவர்களுக்கு உள்ளாடைப் பட்டையும், கணுக்காலில் குத்திக்கொண்டவர்களுக்குக் காலுறை விளிம்பும் நாள் முழுதும் உரசிப் புண்ணை ஆறவிடாமல் செய்கின்றன. மணிக்கட்டில் குத்தியிருந்தால் கைக்கடிகாரம், வளையல், கோயில் கயிறு ஆகியவற்றை மறுகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் நாள்களில் குத்திக்கொள்ளாமல் தள்ளிப்போடுவது இன்னும் நல்லது.

வீட்டார் சொல்லும் மருந்துகள்

மஞ்சள் மீது எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சள்தூள் குழம்புக்கென அரைக்கப்பட்டது, கிருமி நீக்கப்பட்டதன்று. நுண்துளைகள் நிறைந்த தோலில் அதைப் பூசினால் துகள்கள் உள்ளே தங்கி எரிச்சல் தரும். காப்பித்தூள், திருநீறு, பற்பசை, சுண்ணாம்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தேங்காயெண்ணெய் பொதுவாகத் தீங்கற்றது. ஆயினும் வீட்டில் எல்லோரும் விரலை விட்டு எடுக்கும் பாட்டிலிலிருந்து எடுத்துப் புதுப் புண்ணில் தடவுவதை நாங்கள் விரும்புவதில்லை. தோல் மூடிய பிறகு விருப்பம் போல் தடவிக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் இவற்றைவிடக் கவலை தருவன. அரிப்புக்கும் சிவப்புக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய மறுநாளே சிவப்பு வடிந்து ஆறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் உடலின் எதிர்ப்பை அது அடக்கிவிட்டிருக்கும். அதன் மறைவில் கிருமி பெருகும். நியோமைசின் கலந்த களிம்புகளும் பொடிகளும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. மருத்துவர் சொல்லாமல் இவ்விரண்டையும் தொட வேண்டாம்.

பத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை உண்டால் புண் சீழ் வைக்கும் என்று எண்ணி, கஞ்சியோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஓர் உணவு ஒவ்வாமல் போனவர் அதைத் தவிர்க்கட்டும். மற்றவர்களுக்கு முட்டையும் மீனும் பருப்பும் புண் ஆறத் தேவையான புரதத்தைத் தருபவை. புண் ஆறும் காலத்தில் விலக்க வேண்டியவை புகையிலையும் மதுவுமே.

கடலும் அருவியும் குளமும்

குளிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மேலே நீர் வழிந்தோடக் குளிப்பதில் தடையில்லை. நீரில் ஊறுவதுதான் கூடாது. நீச்சல் குளம், கிணறு, ஆறு, கோயில் குளம், கடல் ஆகியவற்றில் தோல் முழுதும் மூடும் வரை, குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை இறங்க வேண்டாம். குற்றாலத்துக்கோ சபரிமலைக்கோ செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள் திரும்பி வந்து குத்திக்கொள்ளலாம்.

கடலைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 31 வயது ஆண் ஒருவர் காலில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று அந்தப் புண் வழியே குருதியில் கலந்தது. தீவிர சிகிச்சை அளித்தும் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் இறந்தார். பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் 2017ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. மதுவால் அவருடைய கல்லீரல் ஏற்கெனவே பழுதுற்றிருந்தது. நலமான உடலில் அக்கிருமி இத்தனை வேகமாகப் பரவுவது அரிது. கல்லீரல் நலிந்தவர்களுக்கு அது உயிர்க்கொல்லி. எங்கள் கல்லீரல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து செல்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

வெயிலும் புதுப் பச்சைக்கு ஆகாது. ஆறும் வரை தளர்ந்த பருத்தி ஆடையால் மறைத்துக்கொள்ளுங்கள். திறந்த புண்ணில் வெயில்காப்புக் களிம்பைப் பூச வேண்டாம். ஆறிய பின் பூசலாம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்

தொற்று என்றால் சிவக்கும் என்று நூல்கள் எழுதுகின்றன. அந்நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில் எடுக்கப்பட்டவை. நம்மவர் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. ஊதா கலந்த கருமையாக, அல்லது சுற்றிலும் உள்ள நிறத்தைவிடச் சற்று அடர்த்தியாக மட்டும் தெரியும். கருப்பு மையின் மேல் அதுவும் தெரியாது. எனவே கண்ணைவிடக் கையை நம்புங்கள். கழுவிய புறங்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு மறு கையின் அல்லது மறு காலின் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று நாள்கள் கழிந்தும் சூடு குறையாமல் மிகுந்தால், வலி தணிவதற்கு மாறாக விண்விண்ணென்று தெறித்தால், தோல் இறுகிப் பளபளவென்று உப்பினால் அது தொற்றின் அறிகுறி. வீக்கம் முடியும் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சீழ், துர்நாற்றம், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் கோடு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுதல், 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அன்றே வர வேண்டும். புண் சிறிதாக இருந்தும் வலி தாங்க முடியாததாக இருந்தாலோ, தோல் கருத்துக் கொப்புளித்தாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ புறநோயாளர் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

சில தொல்லைகள் பொறுமையாக வருபவை. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குச் சாம்பல் நிறம் தீட்டிய இடங்களில் மட்டும் சிறு சிறு கட்டிகள் கிளம்பின. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான, நீரில் வாழும் ஒரு கிருமி காரணம் என்று கண்டறிந்தார்கள். கலைஞர் தூய்மையாகவே வேலை செய்தவர். முன்கூட்டியே நீர்க்கக் கலக்கப்பட்டு வந்த மையில்தான் கிருமி இருந்தது. இவ்வகைத் தொற்று சாதாரணக் கிருமிக்கொல்லிகளுக்கு அடங்காது. தோலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, பல மாதங்கள் மருந்து தர வேண்டியிருக்கும். குத்திய சில வாரங்களுக்குப் பின் ஒரே நிறத்தில் மட்டும் கட்டிகளோ தடிப்போ தோன்றினால் தாமாக மருந்திட்டு மறைக்காமல் காட்டுங்கள். சிவப்பு நிற மைக்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் ஒவ்வாமை எழுவதுண்டு.

திருவிழாத் திடலில் குத்திக்கொண்டவர்களுக்கு நாங்கள் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே ஊசியும் ஒரே மைக்குப்பியும் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பயன்பட்டதை நீங்கள் பார்த்திருந்தால், அடுத்தவர் குருதி உங்கள் உடலுக்குள் வந்திருக்கக்கூடும். கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் குருதி வழியே பரவக்கூடியவை. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். ஆகையால் வெட்கத்தால் ஒரு வாரம் தயங்கிவிட்டு வருவதில் பொருளில்லை, அன்றே வாருங்கள். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு; மூன்று தவணைகளாகப் போடுவார்கள். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. எனினும் மாத்திரைகளால் குணப்படுத்திவிட முடிகிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது; நீங்கள் சொல்வது இரகசியமாகவே இருக்கும். கண் மஞ்சளாவதும் சிறுநீர் கருத்துப் போவதும் குத்திய இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகும் வரலாம். அப்போது மருத்துவரிடம் பச்சை குத்திக்கொண்டதை மறவாமல் சொல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள்

நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள் சர்க்கரை அளவு சீராகும் வரை தள்ளிப்போட வேண்டும்; சீரான பின்னரும் பாதத்திலும் முழங்காலுக்குக் கீழும் வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் அதற்கென இணைப்பு வைத்த கையில் ஒருபோதும் குத்திக்கொள்ளக் கூடாது. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றம் நடப்பவர்கள், இதய வால்வுக் கோளாறு உடையவர்கள் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். குருதி உறையாமைக்கான மாத்திரை உண்பவர்கள் பச்சைக்காக அம்மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது குருதிக்கசிவைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி பட்ட வழியெல்லாம் அந்நோய் புதிதாகத் தோன்றக்கூடும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ மேடு கட்டியவர்களுக்குப் பச்சையும் அவ்வாறே மேடிடலாம். மார்பும் தோளும் இதற்குப் பேர்போன இடங்கள். கருவுற்றிருப்போர் பேறுகாலம் முடியும் வரை காத்திருக்கலாம்.

ஊசி வேண்டாமென்று கருப்பு மெஹந்தி இட்டுக்கொள்வோர் அறிய வேண்டியது ஒன்று. மருதாணி இலை இயல்பாகச் செந்நிறமே தரும். உடனே கருக்கும் கலவையில் தலைமுடிச் சாயத்தில் உள்ள வேதிப்பொருள் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அது கொப்புளங்களை உண்டாக்குவதோடு, பிற்காலத்தில் முடிச்சாயம் பூசும்போதெல்லாம் முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமையை விதைத்துவிடும்.

உடனிருப்போருக்கு

மருத்துவமனைப் படுக்கைகளைச் சுற்றிச் சாதாரண மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இருக்கும். நலமான தோலுக்கு அவற்றால் பெரும் தீங்கில்லை. திறந்த புண்ணுக்கு உண்டு. புதுப் பச்சையோடு நோயாளியின் அருகில் இரவு தங்குபவர் அதனைத் தூய கட்டால் மூடிக்கொண்டு, தினமும் மாற்ற வேண்டும். உங்கள் புண்ணில் சீழ் இருந்தால் அது நோயாளிக்கும் கேடு. அறுவைக்காயம் உள்ளவரையோ, மருந்தேற்றத்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்பைச் சில நாள்களுக்கு வேறோர் உறவினரிடம் ஒப்படையுங்கள். உங்களுக்கே சிகிச்சை தேவைப்பட்டால், குருதியழுத்தப் பட்டையையும் நரம்பூசியையும் மறு கையில் போடுமாறு செவிலியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

குருதிக் கொடையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. நம் நாட்டு விதிகளின்படி பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்கள் குருதி கொடுக்க முடியாது. தந்தையின் அறுவைக்கு முன் அவர் பெயரை மார்பில் குத்திக்கொண்டு வந்த மகன், குருதி வங்கியின் வாசலில் திருப்பி அனுப்பப்படும்போது படும் துயரத்தை எங்கள் ஊழியர் அறிவார்கள். அவரிடம் வாதிட்டுப் பயனில்லை. பச்சையை மறைத்துப் பொய் சொல்லிக் கொடுப்பது தந்தைக்கே தீங்காகலாம். உங்கள் வீட்டில் அறுவைக்கு நாள் குறித்திருந்தால், தலசீமியாக் குழந்தை ஒன்று மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொண்டிருந்தால், குடும்பத்தில் யார் யார் கொடையாளர் என்பதை முதலில் எண்ணிக்கொண்டு பிறகு ஊசிக்கு முன் அமருங்கள்.

கதிரியக்க சிகிச்சைக்கு வருவோரில் சிலருக்கு, கதிர் நாள்தோறும் ஒரே இடத்தில் விழுவதற்காக, கடுகினும் சிறிய பச்சைப் புள்ளிகள் சிலவற்றை நாங்களே வைக்கிறோம். இவற்றுக்கு மேலே சொன்ன பராமரிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஓரிரு நாள் தேய்க்காமல் இருந்தால் போதும். மையால் வரைந்த கோடுகளாயின் சிகிச்சை முடியும் வரை சோப்பிட்டு அழித்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வரும்போது பச்சை இருப்பதை முன்னரே தெரிவியுங்கள். சில மைகளில் இரும்புத் துகள் இருப்பதால் அரிதாக அந்த இடம் சுடும்; சுட்டால் உடனே மணியை அழுத்தலாம். மார்பகச் சோதனைக்கு வரும் பெண்களும் கையிலோ தோளிலோ உள்ள பச்சையைச் சொல்ல வேண்டும். முன்னே கூறியபடி அக்குள் நெறிக்கட்டியில் தங்கிய மை படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து, வீணான அச்சத்துக்கு இடந்தரக்கூடும்.

தோல்நோய்ப் பிரிவுக்கு வரும்போது, இதுவரை பூசிய களிம்புகளையும் பொடிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதையும் மறைக்க வேண்டியதில்லை. குத்திய நாள், பயன்படுத்திய நிறங்கள், கடையில் கிடைக்குமானால் மைக்குப்பியின் மேலுறைப் படம், நாள்தோறும் எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவை இருந்தால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.